அநாதைகளுக்கு இடமில்லை

லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் ஞாயிறுதோறும் எங்களுக்குக் கதை விளையாட்டு நடத்துவார். மேஜையில் டைஸ் உருட்டி, நாங்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பூதக்காட்டுக்குள் நுழைவோம். எந்த வேடமும் எடுக்கலாம். அநாதை மட்டும் கூடாது.

"வீட்ல ஒருத்தராவது காத்திருக்கணும். இல்லேன்னா எவன்டா உயிருக்குப் பயந்து விளையாடுவான்?" என்று எரிந்து விழுவார்.

போன மாதம் அவருடைய அம்மா இறந்துபோனார். அண்ணனுக்கு வேறு யாரும் இல்லை. இந்த வாரம், "நீயே நடத்து" என்று டைஸை என்னிடம் தள்ளிவிட்டு, வில்லாளியாக ஆட உட்கார்ந்தார்.

"வில்லாளிக்கு வீட்ல யாருண்ணே?" அவர் எங்களிடம் எப்போதும் கேட்பதையே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மா," என்றார், லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லும் அதே குரலில். "காத்திருப்பாங்க. சீக்கிரம் ஆரம்பி."