சங்ககிரி மலையில் என் கால்வலி

என்னைக் கெட்டிக்காரி என்று யாராவது புகழ்ந்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்றிருக்கும். ஏழு வயதில் அந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தவர் என் மாமன்.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அக்காவுக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வீட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை சங்ககிரிக் கோட்டைக்குக் கூட்டி வாருங்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். இடிந்த மதில்களுக்கு நடுவே வாசல் வாசலாக ஏறித்தான் உச்சியில் பெருமாளைக் கும்பிட வேண்டும். அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருக்கும்.

சேதி கேட்டதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு இழுப்பு உண்டு. வெயிலில் சேர்ந்தாற்போல் நாலு படி ஏறினால் மூச்சு நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டு பூனைக்குட்டி மாதிரி கத்தும். அது தெரிந்து ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

மாமன்தான் திட்டம் போட்டார். முந்தின வாரமே தனியாக மலையேறி, எந்த வாசலில் உட்காரக் கல் இருக்கிறது என்று பார்த்து வந்தார். கோழி கூப்பிட வண்டி கட்டிவிடுவது, வெயிலுக்கு முன்னால் மேலே போய்விடுவது. ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டால் கூட்டத்தைச் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். அப்படியும் அக்கா நடுநடுவே நின்று மூச்சு வாங்கியாக வேண்டுமே? அதற்குத்தான் நான்.

"ஒவ்வொரு வாசல்லயும் காலு வலிக்குதுன்னு உக்காந்துக்கோணும். எந்திரின்னு சொன்னா அழுவோணும். செய்வியா சாமி?"

வலிக்காத காலை வலிக்கிறது என்று சொல்ல எனக்கு ரோஷமாக இருந்தது. பொரியுருண்டை வாங்கித் தருவதாகச் சொன்னதும் ரோஷம் போய்விட்டது.

அடிவாரத்தில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தற்செயலாக எங்களைச் சந்தித்தார்கள். எல்லோரும் ஒன்றாக ஏறினோம். முதல் வாசலில் முனகினேன். இரண்டாவதில் உட்கார்ந்தேன். மூன்றாவதில் நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம். ஒவ்வொரு தடவையும் அக்கா என் காலைப் பிடித்துவிடும் சாக்கில் குனிந்து மெல்ல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். "கெட்டிக்காரி" என்று மாமன் என் காதில் சொன்னார்.

நாலாவது வாசலில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பாவம், புள்ளைக்கு முடியல. டேய், தூக்கித் தோள்ல வெச்சுக்க. இப்படி நின்னு நின்னு போனா வெயில் வந்துரும்" என்றார் மகனிடம்.

"வேண்டாமுங்க, அது நடந்துக்கும்" என்று மாமன் பதறுவதற்குள் நான் மாப்பிள்ளையின் தோளில் இருந்தேன். அத்தனை உயரத்திலிருந்து நான் எதையும் பார்த்ததில்லை. தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. மாமன் சொன்னதை மறந்தேன், அக்காவையும் மறந்துபோனேன். "இன்னும் வேகமாப் போங்க" என்று அவர் தலையில் தட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே வேகமாக ஏறினார். மற்றவர்களும் அதே வேகத்தில் பின்னால் வரவேண்டியதாயிற்று.

இரண்டு வாசல் தாண்டியதும் பின்னால் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா மதில் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அம்மா ஓடிப்போய் முந்தானையால் அவள் வாயை அழுத்திப் பொத்தினாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். மாமன் இடிந்துபோய் நின்றார்.

மாப்பிள்ளை என்னைச் சுமந்தபடியே தடதடவென்று நாலு படி கீழே இறங்கினார்.

"மேல வாடா" என்றார் அவருடைய அம்மா. குரலை உயர்த்தவே இல்லை.

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. எனக்கு அடியில் அவர் தோள் இரண்டும் நடுங்கின. நான் கனக்கிறேன் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்து சொன்னேன்:

"எறக்கி உட்டுருங்க. எனக்குக் காலு வலிக்கவே இல்லீங்க."