பாதி வேகத்தில் ஓடிய நரிக்குட்டி

போன வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறையில், குருண் ஊரில் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது.

நான் அவருடைய தங்கை; கூலிமில் கணினி சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். ஷிப்ட் இல்லாத நாட்களில் எனக்கு ஒரே பைத்தியம், எமுலேட்டர் எழுதுவது. சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடினோமே, அந்தப் பழைய கேம் பெட்டிகள் செய்த வேலையைக் கணினியிலேயே செய்து காட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். படமும் பாட்டும் இம்மி பிசகாமல் பழைய வேகத்திலேயே ஓடவேண்டும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தேன்.

லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அதற்கு முந்தைய ஆண்டு பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறியது. கை தேறவில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"இப்பல்லாம் அவரு பேசுறதே இல்லம்மா. சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று அண்ணி என்னிடம் போனில் அழுதார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். சின்ன வயதில் நானும் அண்ணனும் சண்டைபோட்டு ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. நரிக்குட்டி ஒன்று பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓடும். எங்கள் பழைய கேம் கேசட்டிலிருந்தே அதை எடுத்து, எல்லாப் பொத்தான்களையும் இடது கைக்கு மாற்றியிருந்தேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஆட்டம் பாதி வேகத்தில்தான் ஓடும். பாட்டும் சேர்ந்து இழுக்குமே என்று சத்தத்தை அடைத்து வைத்தேன்.

"வேணாம்லா, பாப்பா" என்றார் அண்ணன். வாய் லேசாகக் குழறியது. லேப்டாப்பை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, குடிக்கத் தே போடும் சாக்கில் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நரிக்குட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஓடி, மறுபடி விழுந்தது.

"பாட்டு எங்க?" என்று கேட்டார்.

"ஸ்பீக்கர் சரியில்லண்ணே."

அவரே இடது கையால் தடவிச் சத்தத்தைக் கூட்டினார். துள்ளி வரவேண்டிய பாட்டு, தூக்கத்தில் முனகுவதுபோல் இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பரிதாபப்பட்டு ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்து, இனி எதையுமே தொடமாட்டாரோ?

"எவ்ளோ கொறச்ச?"

"பாதிண்ணே."

மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "பத்தல. இன்னும் கொறைலா."

குறைத்தேன். நரிக்குட்டி தண்ணீருக்குள் மிதப்பதுபோல் மெல்ல எழும்பி, மெல்ல இறங்கியது. முதல் பள்ளத்தைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. அண்ணனின் கண் திரையைவிட்டு நகரவில்லை.

பின்னால் நின்றிருந்த அண்ணி என் தோளைப் பிடித்து அழுத்தினார். "கையப் பாரும்மா" என்றார்.

மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தேன். நரிக்குட்டி எழும்பும்போதெல்லாம் அந்தக் கட்டைவிரல் தொடையை லேசாக அழுத்தியது. அதன் கீழே பொத்தான் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பழைய கேம் பெட்டியில் தாவுவதற்கான பொத்தான் இருந்தது வலது கட்டைவிரலுக்குத்தான்.

நாங்கள் சொல்லும்வரை அண்ணனுக்கே அது தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் செய்யல பாப்பா. அதுவா செய்யுது" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

விடுமுறை முடிந்ததும் பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். மூளை பழகிய வேலையைச் செய்யும்போது சிலருக்கு இப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னாராம். இன்று அந்தக் கையால் அவரால் குவளையைப் பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தான் இன்னும் வசப்படவில்லை. ஆட்டமும் இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை.

ஓர் இயந்திரத்தின் நேரத்தை நீட்ட மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரத்துக்குள் அசையாத விரல் ஒன்று எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று இன்றும் நான் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.