சாப்பிட்டதும் படுக்காதவர்

அவர் போட்ட தரையில் ஒரு கடுகை வைத்துவிட்டு வெளியூர் போய், பிள்ளை பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாலும் கடுகு வைத்த இடத்திலேயே இருக்கும். சரி, கடுகு கொஞ்சம் கூடுதல்தான். அதற்குள் எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கும். கோலிக்குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலிக்குண்டு உருளாது. அதில் கலப்படம் இல்லை.

டைல்ஸ் ஒட்டும் வேலை அவருக்கு. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு கட்டை வைத்திருப்பார்களே, நடுவே கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி மிதக்குமே, அதுதான் ரசமட்டம். மற்றவர்கள் அந்தக் கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாலடி நடப்பார். "அந்த மூலை கொஞ்சம் இறங்கியிருக்குப்பா" என்பார். அப்புறம் கட்டையை வைத்தால் குமிழி அந்த மூலையை விட்டு விலகித்தான் நிற்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் கடைசியில் சரிவான கட்டிலில் படுக்க வேண்டி வந்தது. எல்லாம் வயிறு செய்த வேலை.

நெஞ்செரிச்சல் அவரோடு பல வருஷமாக ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் குனிந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். தரை போடுகிறவர் குனியாமல் என்ன செய்வார்? மண்டிபோட்டு, வயிறு மடங்க, தலை கவிழ, பொழுது முழுக்க அப்படித்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைச் சட்டைப்பையில் மிட்டாய்போலப் போட்டுக்கொண்டு திரிந்தார். ரோஸ் நிற மருந்தை அளவு மூடிகூட இல்லாமல் பாட்டிலோடு கவிழ்த்துக்கொள்வார். அவர் விட்ட ஏப்பத்தில் லிஃப்ட் ஒரு மாடி முன்னதாகவே நின்றுவிட்டது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கட்டடத்தில் அப்போது லிஃப்டே பொருத்தவில்லை என்பதால் அதை நான் வற்புறுத்தப் போவதில்லை.

குரல் கரகரத்துப்போய், காலையில் வாயெல்லாம் கசக்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மா தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். புண் எதுவும் இல்லை.

"மதியம் சாப்பிட்டதும் என்ன செய்வீங்க?"

"படுப்பேன்மா."

"எங்க?"

"தரையிலதான். புதுசா போட்ட தரை நல்லா சில்லுன்னு இருக்கும்."

"எழுந்ததும்?"

"குனிஞ்சு வேலை பாப்பேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வயித்துக்கு வாய் இருந்தா இந்நேரம் போலீஸ்ல புகார் கொடுத்திருக்கும்."

மாத்திரை வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்றார் அவர். வயிறு முட்டத் தின்னக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். காரமோ, புளிப்போ, பொரித்ததோ, டீயோ, எது எரிக்கிறது என்று அவரே கவனித்து அதை விட வேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது; உடனே குனியவும் கூடாது, மெதுவாக நடந்தால் நல்லது. பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வளையும், அதனால் கட்டிலின் தலைமாட்டையே உயர்த்த வேண்டும்.

"ஆனா ஒண்ணு. விழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, எடை தானா குறைஞ்சாலோ, வெளிய போறது கறுப்பா இருந்தாலோ நேரா இங்க வந்துடணும். நெஞ்சுவலி வந்தா வெறும் வாயுன்னு நினைச்சு உக்காந்திருக்கக் கூடாது. தெரியுதா?"

"தெரியுதும்மா" என்றார். வீட்டுக்குப் போனதும் உடைந்த டைல்ஸ் துண்டுகளைத் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அடுக்கினார். இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து வேறு பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்தும் பலன் என்ன? ஆரம்பத்தில் தினமும் காலையில் அவர் கால்மாட்டில்தான் விழித்தார், போர்வையோடு போர்வையாகக் குவிந்து. ஆயுசு முழுக்கச் சமத்தைத் தேடிய உடம்பு. சரிவோடு ஒத்துப்போக அதற்கு நாள் பிடித்தது.

சறுக்குவதைப் பார்த்துச் சிரிக்கவும் வீட்டில் ஆள் கிடையாது. மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலமானால் போன் மட்டும் வரும்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம் சோறு, வேகவெச்ச காய். முடிஞ்சுது."

"இப்பவேவா? இன்னும் வெயில்கூட இறங்கலியே!"

"இப்பச் சாப்பிட்டாத்தான் படுக்கிறப்ப வயிறு லேசா இருக்கும்."

"நான் இருந்தப்போ கண்ட நேரத்துல சட்டியச் சுரண்டுவீங்க. நான் இந்தப் பக்கம் வந்ததும் நல்லபிள்ளை ஆயிட்டீங்களாக்கும்."

"நீ எப்ப வர்றே?"

"குழந்தைக்குப் பல்லு முளைக்கட்டும்" என்றிருந்தாள். பல் முளைத்தது. அது நடக்கட்டும் என்றாள். நடந்தது, ஓடியது. இப்போது "பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வர்றேனே" என்கிறாள்.

ஆகவே அவருக்கு மனிதர்கள் என்று இருந்தது மதியச் சாப்பாட்டு நேரம்தான். அடுக்குமாடியில் கட்டி முடியாத வீடு ஒன்றின் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்வார்கள். சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிட்டால் எது யாருடையது என்ற பேச்சே இல்லை. யார் கை வேண்டுமானாலும் எதற்குள்ளும் போகும். தின்று முடித்ததும் டைல்ஸ் வந்த பெட்டிகளின் அட்டையைப் பிரித்துப் போட்டு வரிசையாகப் படுப்பார்கள். ஒருவன் மச்சினியைப் பற்றிப் புலம்புவான், இன்னொருவன் அதற்கு ஒத்து ஊதுவான், பாதிப் பேச்சிலேயே குறட்டை கிளம்பிவிடும். அந்த வரிசையில் சுவர் ஓரமாக அவருக்கென்று ஓர் இடம் இருந்தது.

டாக்டரம்மா சொன்னதை அவர் வேலை செய்கிற இடத்திலும் ஆரம்பித்தார். முற்பகலிலேயே கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டார். மதியத்துக்குக் காரமில்லாத ஒரு கைப்பிடி. வட்டத்தில் உட்கார்ந்தாலும் அவர் கை அடுத்தவர் டப்பாவுக்குள் போகவில்லை. அவருடைய வெளிறிய சோற்றுக்குள் மற்றவர் கையும் வரவில்லை.

டைல்ஸ் வெட்டும் மிஷினைப் பிடிக்கிறவனுக்குக் கட்டிங் என்று பெயர். மிஷினைவிட அவன் நாக்கு கூர்மை. பொரித்த மீனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "எடுங்கண்ணே."

"வேணாம்ப்பா."

"என்னண்ணே இது, பத்தியமா, பந்தாவா?"

"இப்பல்லாம் எனக்கு இதுதான் பிடிக்குது."

"பெரிய இடத்துச் சம்பந்தம் ஏதாவது வந்துடுச்சா? எங்க வீட்டு மீன் கசக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. முன்பு அவர்களோடு ஒருவன் இருந்தான். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். "ஐயோ பாவம்" என்றார்கள், தைலம் வாங்கிக் கொடுத்தார்கள், தோளில் கைபோட்டு வழியனுப்பினார்கள். அடுத்த கட்டடத்துக்கு அவனுக்கு மட்டும் போன் போகவில்லை. யாருக்குப் போன் போட வேண்டும் என்பது மேஸ்திரியின் கையில். முழங்கால்காரன் இப்போது எங்கே என்று கேட்கிற ஆளும் இல்லை.

எல்லாரும் படுத்த பிறகு ரசமட்டம் நடக்க ஆரம்பித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, அறை அறையாக. கதவில்லாத வாசல்கள், கண்ணாடி போடாத ஜன்னல்கள். கூடத்திலிருந்து குறட்டை வரும். அவர் அதைக் கேட்டபடி தாழ்வாரத்தின் கடைசி வரை போய்த் திரும்புவார். பிற்பகலில் நின்றபடி செய்யும் சுவர் வேலையை எடுத்துக்கொண்டு, மண்டிபோடும் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். பலனும் தெரிந்தது. புளித்த தண்ணீர் வருவது குறைந்தது, குரல் தெளிந்தது, சட்டைப்பையில் மாத்திரைச் சத்தம் இல்லாமல் போனது. நெஞ்சில் எரிச்சல் குறையக் குறையப் பக்கத்தில் ஆளும் குறைந்துகொண்டு வந்தது.

நீங்களே சொல்லுங்கள், எல்லாரும் தூங்கும்போது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் போட்ட தரையைக் காலால் அளந்துகொண்டு திரிந்தால் என்ன நினைப்பார்கள்? ஒப்பந்தக்காரரின் ஆள் என்றுதான். அந்த நேரம் பார்த்து ஒப்பந்தக்காரர் ஒருநாள் வந்தார். கையில் இருந்த சாவிக்கொத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனவர் ஒரு படுக்கையறை வாசலில் நின்றார். டொக் என்று பொள்ளல் சத்தம். அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை. கட்டிங் ஒட்டிய டைல்ஸ் அது. வரிசை முழுவதையும் பெயர்த்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் ரசமட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அவர் டப்பாவைத் திறந்தபோது வட்டம் அடுத்த அறையில் கூடியிருந்தது. டீ வாங்கப் போகிறவன் எல்லாரிடமும் கேட்டான், இவர் பக்கம் திரும்பவில்லை. அவர் டீயை விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம். வேண்டாம் என்று சொல்லவாவது ஒருவன் கேட்க வேண்டாமா?

பிறகு மேஸ்திரி அவருக்குக் குளியலறைகளை ஒதுக்கினார். ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடம். தண்ணீர் ஓட வேண்டும் என்பதால் அந்தத் தரையை மட்டும் வாட்டமாக, துளைப் பக்கம் சரித்துப் போட வேண்டும். உடம்பை நாலாக மடித்துக்கொண்டு செய்யும் வேலை. "சாப்பிட்டதும் நாலாவது மாடிக் குளியலறைய முடிச்சுடு" என்றார் மேஸ்திரி, முகம் பார்க்காமல்.

முடியாது என்றால் ஏன் என்பார். ரசமட்டம் மண்டிபோட்டார்.

கழிவுத் துளைக்குப் பக்கத்தில் குனிந்த கொஞ்ச நேரத்திலேயே வயிறு மேலே ஏறியது. இருமல் பிடித்துக்கொண்டது. துளையின் மேலேயே கவிழ்ந்து புளித்த தண்ணீரைத் துப்பினார். கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்தால், வாசலில் கையில் அளவு டேப்போடு கட்டிங் நின்றுகொண்டிருந்தான்.

"என்னண்ணே, சரக்கு அதிகமா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். குடித்தவனை அந்தக் கூட்டம் மன்னிக்கும். முதுகில் தட்டித் தண்ணீர்கூடக் கொடுக்கும். நோயாளியைத்தான் அதனால் மன்னிக்க முடியாது. ரசமட்டம் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லடா. வயிறு. சாப்பிட்டுக் குனிஞ்சா மேல வருது. ரொம்ப நாளா இருக்கு."

"அப்ப நீங்க மதியம் மதியம் நடந்தது?"

"படுக்கக் கூடாதுன்னாங்க. நடந்தேன்."

"எங்க வேலைய வேவு பாக்க இல்லியா?"

"அந்த வாசல்ல பொள்ளல் இருந்தது தெரியும்டா. காலுக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் என்ன செய்ய? யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா, அங்க ஏன் நடந்தீங்கன்னு நீ கேப்பே."

கட்டிங் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். டேப்பை இழுத்து இழுத்து விட்டான்.

"இத நான் மேஸ்திரிகிட்ட சொன்னா அடுத்த கட்டடத்துக்கு உங்களுக்குப் போன் வராது. சொல்லலைன்னா, காட்டிக்கொடுத்தவருன்னு பேரு நிக்கும். எது வேணும்ணே உங்களுக்கு?"

அவர் துப்பிய இடத்தில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்.

"சொல்லிடு" என்றார் ரசமட்டம். "காட்டிக்கொடுத்தவன்னு மட்டும் இருக்க வேணாம்."

கட்டிங் போய்ச் சொன்னான். மறுநாள் மதியம் என்ன நடந்தது தெரியுமா? வட்டம் பழைய கூடத்துக்கே திரும்பி வந்தது. மேஸ்திரியே அவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று, "உப்பாவது போடேன்யா" என்றார். சாப்பாடு முடிந்ததும் யாரும் அட்டையை விரிக்கவில்லை. கூட்டம் மொத்தமும் எழுந்து, அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, கல்யாண ஊர்வலம்போலத் தாழ்வாரத்தில் நடந்தது. அதைப் பார்த்து எதிர்க் கட்டடத்துக் கூட்டமும் தூக்கத்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

இந்த இடம் வரைக்கும் எழுதி அவருக்கே வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சமையலறைத் தரைக்கு டைல்ஸ் போட வந்திருந்தவர், தன் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே கேட்டார். கல்யாண ஊர்வலத்தில் சிரித்தார். பிறகு ஜன்னல் ஓரமாக நின்றார்.

"ஊர்வலம்லாம் இல்லம்மா. அடுத்த கட்டடத்துக்கு எனக்குப் போன் வரல. அதனாலதான் இப்படி வீட்டு வேலைக்குத் தனியா வந்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கு எங்கூட நடந்தது அந்தக் கட்டிங் பய ஒருத்தன்தான். அவனும் தாழ்வாரத்துல பாதிதான் வந்தான். கண்ணு சொருகுது, கொட்டாவியா விடுறான். பாவமா இருந்துச்சு. போய்ப் படுடான்னு நான்தான் அனுப்பிவெச்சேன்."