படத்தின் பின்னால் போட்ட அடையாளம்

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரன் முகத்தையும் ஒரு முறை பார்ப்பார் சன்னாசி அண்ணன். கோயில் பிரசாதத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவார். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரைக்குக் கார் ஓட்டியவர். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போவுக்கு வந்து, ஒரு கிடங்கில் காவலுக்கு ஜாகாவாகச் சேர்ந்தார். ஆளுக்கேற்ற வேலைதான். பக்கத்து வீட்டில் இருந்த என்னையே ரொம்பக் காலம் நம்பவில்லை, மனுஷன்.

அவர் வீட்டுச் சாமி மேடையில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தது. செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த படம். பேராக் ஆறு அதில் மயிரிழைக் கோடுகளாக வளைந்து போகும். தோட்டங்கள் வருவதற்கு முந்தைய காலத்துப் படம் என்பதால் அவர் பிறந்த தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காடு. குட்டிக் குட்டி மரங்கள்.

"இந்தக் காட்டத்தான் எங்கப்பா வெட்னாரு," என்பார்.

அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதனால் கண்ணாடியில், அந்த மரங்களுக்கு மேலே சந்தனப் பொட்டு வைப்பார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1981இல் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டது. படங்களுக்குச் சட்டம் போடும் மீரா சாஹிப்பிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அண்ணனுக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். சாயங்காலத் தேத்தண்ணி அந்தக் கடை பெஞ்சில்தான். ஆனால் பினாங்கிலிருந்து ஒருவர் வந்து பழைய வரைபடங்களைத் தேடித் தேடி வாங்குகிறார் என்று அண்ணன் காதில் விழுந்திருந்தது. சும்மா இருப்பாரா? கொடுப்பதற்கு முன், தாளின் பின்பக்க மூலையில் பென்சிலால் 'ச' என்று அழுத்தி எழுதினார். படத்தை மாற்றி வைத்தால் கண்டுபிடித்துவிடலாமாம்.

திரும்ப வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். புதுக் கண்ணாடி, புதுச் சட்டம், படம் பளிச்சென்று இருந்தது. அண்ணன் அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்னட்டையைப் பிரிக்கச் சொன்னார். மூலையில் 'ச' இல்லை.

"பாய், இது என் படம் இல்ல. என் படம் எங்க?"

"என்னாண்ணே சொல்றீங்க? அதே படம்தான்லா."

"பினாங்குக்காரன்கிட்ட தள்ளிட்டியா? கூட இருந்தே கழுத்தறுத்துட்டியேடா!"

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். மீரா சாஹிப்பின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்த கோபத்தில் அண்ணனை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

"என்னா அடையாளம் வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார் மீரா சாஹிப்.

அண்ணன் சொன்னார். மீரா சாஹிப் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். படத்தைச் சுற்றிலும் செம்புத் தகடு அழுத்திய தடம் தெரிந்தது. மூலையில், கறுப்பு போன பிறகும் பென்சில் அழுத்திய பள்ளம் ஒன்று: 'ச'.

"பின்னால பூராவும் கறைண்ணே. இதையும் அழுக்குன்னு நெனச்சு நான்தான் அழிச்சேன். உங்க அப்பா படமாச்சேன்னு பின்பக்கத்தயும் சுத்தம் பண்ணேன்."

அண்ணன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"பாய், படம் இங்கயே இருக்கட்டும். உங்க கடையிலயே மாட்டுங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

மீரா சாஹிப் மேசையிலிருந்த பென்சிலை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அப்ப இன்னொரு அடையாளம் போட்டு வச்சிட்டுப் போங்கண்ணே."