சுகந்தி மறக்காத அட்டை

பத்து நிமிடம் ஒரே இடத்தில் மனதை இருத்த முடியாத ஒருத்தி, ஒரு பொய்யை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருமுறையேனும் பிசகாமல் எப்படிக் காப்பாற்றினாள்? எனக்கு விடை தெரியவில்லை.

போன வியாழக்கிழமை மதியம் வகுப்புத் தோழிகளின் தொலைபேசிக் குழுவில் செய்தி வந்தது. வத்தளையில் சுகந்தி காலமாகிவிட்டாள், சிறுநீரக நோய். அதன் கீழே ஒருத்தி, அன்போடுதான், எழுதியிருந்தாள்: "எங்கட பிராக்குச் சுகந்தி. கணக்குச் சோதனைக்கே ஐடென்டிட்டி கார்டை மறந்திட்டுப் போனவள்." பலர் சிரிப்பும் கண்ணீருமான முகங்களைப் போட்டிருந்தார்கள். அந்த அட்டையை அவள் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்க வேண்டியதை விட்டு மற்றதையெல்லாம் பார்ப்பவளுக்கு எங்கள் வீடுகளில் இருந்த சொல் பிராக்கு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வகுப்பறையிலிருந்து ரயில் பாதை தெரியும். ஒருநாள் ஒரு ரயில் கடந்து போனபின் கணித டீச்சர் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தினார். "சுகந்தி, ரெயில் போட்டுது. இனி இஞ்சை பாருங்கோ பிள்ளை."

"ரெயில் போட்டுது டீச்சர். சத்தம்தான் இன்னும் போகேல்லை."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் அந்தப் பாடம் முடியும்வரை வெளியில் நின்றாள். அவள் பகிடி விடவில்லை, உண்மையைத்தான் சொன்னாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவள் முயலவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இடது உள்ளங்கை நிறையப் பேனாவால் எழுதியிருப்பாள். வியர்வையில் அது அழிந்துவிடும். வாடகை வீட்டின் மேல்மாடியில் நடந்து நடந்து படிப்பாள். கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையில் தட்டுவார். "நான் இருந்தா எழுத்து ஓடுதடி. நான் ஓடினா எழுத்து இருக்குது" என்பாள். அவளுடைய அம்மாவுக்கு அது விளங்கவில்லை. சாதாரணதரப் பரீட்சையில் கணக்கில் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை, படிப்பு நிற்கும் என்று சொல்லியிருந்தார்.

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பில் மறதி மற்ற ஊர்களில் உள்ளதைப் போன்றதல்ல. அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளை எந்தச் சந்தியிலும் பஸ்ஸிலிருந்து இறக்கப்படலாம். சுகந்தி ஏற்கெனவே ஒன்றைத் தொலைத்திருந்தாள். புதியது எடுக்க அவளுடைய அம்மா எத்தனையோ நாள் வரிசையில் நின்றார். அதனால் சாதாரணதரப் பரீட்சை தொடங்கியபோது அட்டையை என்னிடம் தந்தாள். "உன்ர கொம்பாஸ் பெட்டிக்குள்ள வை. நீதானே ஒண்டையும் துலைக்காதவள்." ஒன்றாகப் பஸ்ஸில் போவோம், சோதனைச்சாவடியில் இரண்டு அட்டைகளையும் நான் காட்டுவேன். இந்த ஏற்பாடு வேறு யாருக்கும் தெரியாது.

கணிதப் பரீட்சையன்று அவள் வரப் பிந்தினாள். பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றேன். நேரம் இருந்தது, அடுத்த பஸ்ஸிலும் போயிருக்கலாம். ஆனாலும் ஏறினேன். மண்டப வாசலில் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்ததாகவும், அவளுக்கு ஒரு பாடம் படிப்பிக்க விரும்பியதாகவும் பிறகு எனக்கு நானே மாறி மாறிச் சொல்லியிருக்கிறேன். ஏறும்போது கொம்பாஸ் பெட்டி என் கையில் இருந்தது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

அவள் வந்த அடுத்த பஸ்ஸைப் பம்பலப்பிட்டிக்குச் சற்று முன்னால் பொலிஸார் மறித்தார்கள். பரீட்சை மண்டபத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. நான் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதினேன். அவள் பொலிஸ் நிலையத்தில் பின்னேரம்வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அட்டை எங்கே என்று கேட்டவர்களுக்கு அவள் சிங்களத்தில் சொன்ன பதில் ஒரே சொல்: "கெதர." வீட்டில். என் பெயரைச் சொல்லியிருந்தால் மண்டபத்துக்கு வந்து என்னையும் எழுப்பிக் கொண்டுபோயிருப்பார்கள். அவளுடைய அம்மா வீடு முழுக்கத் தேடிவிட்டு, கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தோடு போய் மீட்டு வந்தார். "தலையையும் கழட்டி வைச்சிட்டுப் போவாள் இவள்" என்று அயலெல்லாம் கேட்கத் திட்டினார். எல்லோரும் நம்பினார்கள். அவளைப் பற்றி எதையும் நம்பும்படி நாங்கள்தானே எல்லோரையும் பழக்கியிருந்தோம்.

படிப்பு நின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோப்பிரதிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்களின் அடையாள அட்டைகளையும் பதிவுப் பத்திரங்களையும் நாள் முழுவதும் நின்றபடி பிரதியெடுத்தாள். ஒன்றையும் தொலைக்கவில்லை.

பின்னாளில் அவளுடைய மகனைப் பரிசோதித்த வைத்தியர், கவனம் நிலைக்காத குறைபாடு என்றாராம். அன்று தொலைபேசியில் சொன்னாள்: "எடியே, எனக்கும் சின்னனில இருந்திருக்கலாமாம்." இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள் என்றேன். "உனக்கென்னடி, கெட்டிக்காரி எண்டு பெயர் வைச்சாச்சு. எனக்குச் சோம்பேறி எண்டு வைச்சதுக்கு இது பரவாயில்லை." அவள் தன்னைப் பரிசோதிக்கப் போகவில்லை. அவளுக்கு இருந்தது அந்தக் குறைபாடுதானா என்பது எனக்கு இன்றும் தெரியாது. சோம்பல் இல்லை என்பது தெரியும்.

போன ஆண்டு ஆஸ்பத்திரியில் அவளருகில் இருந்து, "அண்டைக்கு அந்த பஸ்..." என்று தொடங்கினேன். "எந்த பஸ்? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்தப் பொய்யும் என்னிடம்தான் இருக்கிறது. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த இரண்டு பொய்களும், பிறகு அந்தப் பரீட்சைக்கு மறுநாளும். அன்று நடந்தது இதுதான்.

நான் போனபோது அவள் எனக்கு முன்பே தரிப்பிடத்தில் நின்றாள். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அழுத முகம். நான் அட்டையை எடுத்து நீட்டினேன்.

"புத்தகத்துக்குள்ள கிடந்தது எண்டு அம்மாட்டச் சொல்லுவன். நீ வாய் திறவாதை" என்றாள்.

அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்ப என்னிடம் தந்தாள். "நீயே வைச்சிரு. என்னட்டை இருந்தாத் துலைஞ்சிடும்."

நான் அதைப் பெட்டிக்குள் வைத்தேன். பஸ் வந்தது. அவள் என்னை முன்னால் ஏறவிட்டுப் பின்னால் ஏறினாள்.