லின்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

சென்ற வசந்தத்தில் ஒரு நாள், ஸ்காபரோவில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையின் நடுவே, தூணில் முதுகைச் சாய்த்து, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமே உள்ள மடக்குக் கதிரை ஒன்றில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கைபேசியைப் பார்க்கவில்லை, இருமக்கூட இல்லை. வண்டில் தள்ளிக்கொண்டு வந்த சனம் என்னைச் சுற்றி விலகிப் போனது. கடையில் வேலை செய்யும் மனிதர் ஒருவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துவிட்டுக் கடைசியில் குனிந்து, “ஆர் யூ ஓகே, மேடம்?” என்று கேட்டார். இருந்து பழகுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மீன் பிடிக்கவா என்றார். இல்லை, வான்கோழி வேட்டைக்கு என்றேன். குளிர் ஜாக்கெட்டுக்குக் கீழே தெரிந்த என் சேலைக் கரையையும் நெற்றியில் இருந்த குங்குமத்தையும் ஒருமுறை பார்த்தார். இந்த நாட்டுக்காரர் மரியாதையானவர்கள், சிரிப்பை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எனக்கும் வேட்டைக்கும் வெகு தூரம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த சனத்தில் நானும் ஒருத்தி. என்னை இந்த வேலையில் கொண்டுபோய் விட்டவர் என் சம்பந்தி லின்டா. என் மகள் ஆரணி ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் கட்டியிருக்கிறாள். அவருடைய தாய்தான் லின்டா. ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வடகிழக்கே போனால் அவருடைய சின்னப் பண்ணை வரும். ஒவ்வொரு வசந்தத்திலும் லின்டாவும் கணவர் கோர்டனும் காட்டோரத்தில் ஒரு மரத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து காட்டு வான்கோழிக்குக் காத்திருப்பது வழக்கம். அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் கோர்டன் மாரடைப்பில் போய்விட்டார்.

அந்தச் செத்தவீட்டில்தான் எல்லாம் பிசகியது. செத்தவீடு என்று சொல்கிறேனே தவிர, வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மண்டபத்தில் பூ, படம், சான்ட்விச், கோப்பி. சனம் வரிசையாக வந்து லின்டாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனது. அவரும் “தாங்க் யூ ஃபோர் கமிங்” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு கதையும் இருக்காது. பாயில் மற்றப் பெண்களோடு இருப்போம், அழுகை வந்தால் அழுவோம். எழும்பும்போது மட்டும் ஒரு கண்டிப்பு: போட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு காரியத்துக்குத் திரும்பி வர யாருக்கு விருப்பம்? சொல்லாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். ஒரு மூலையில் கொஞ்ச நேரம் இருந்தேன், பிறகு எழும்பி வந்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து ஆரணி ஃபோன் எடுத்தாள்.

“அம்மா, வை டிட் யூ லீவ் லைக் தட்? ஒரு பை-பை கூடச் சொல்லேல்லையாமே. லின்டா வாஸ் ஸோ ஹேர்ட்.”

“பிள்ளை, செத்தவீட்டிலை சொல்லிப்போட்டு வாறதில்லை.”

“அது எனக்கே தெரியாது. அவவுக்கு எப்பிடித் தெரியும்?”

லின்டாவுக்கு நானே ஃபோன் எடுத்து விளக்கப் பார்த்தேன். என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றது. அவர் “இட்ஸ் ஃபைன், இட்ஸ் ஃபைன்” என்றார். ஃபைன் என்று இரண்டு தரம் சொன்னால் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம், இத்தனை வருடத்தில் அதைப் படித்திருக்கிறேன். மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு வந்தபோதும் என்னைக் கட்டிப்பிடித்தார், ஆனால் ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்தது போல இருந்தது. ஆரணிக்கு அப்போது மூன்றாம் மாதம். பிறக்கப் போகும் பிள்ளை இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அதன் அம்மம்மாவும் அப்பம்மாவும் இப்படி விறைத்துக்கொண்டு நிற்பதா என்ற கவலை என்னைப் பிடித்து ஆட்டியது.

பனி கரையத் தொடங்கியபோது ஆரணி சொன்னாள், லின்டா இந்த வருடம் வேட்டைக்குப் போகப் போவதில்லையாம். பக்கத்தில் இருக்க ஆள் இல்லையாம். என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது.

“நான் போய் இருக்கிறன்.”

என் மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். “நீர் ரெண்டு நிமிசம் பேசாமல் இருந்ததை நான் இன்னும் காணேல்லை. உமக்கு வான்கோழியோ?”

அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. பேச்சை அடக்கினாலும் என் முழங்கால் அடங்காது. லின்டா ஆரணி மூலம் சொல்லி அனுப்பிய விதிகள் வேறு. வான்கோழிக்குக் கண் மகா கூர்மை, அசைந்தால் போச்சு. கதிரை உயரமாக இருக்கக்கூடாது, மரத்தடியோடு ஒட்டிப் பதுங்க வேண்டும். வயல் ஓரமாக நெடுந்தூரம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருப்பதால் பாரமும் கூடாது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கேயும் இருக்கக்கூடாது. வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்குமாம், தூரத்தில் வேறொரு வேட்டைக்காரன் பார்த்தால் பிழையாக நினைத்துச் சுட்டுவிடுவான்.

வீட்டில் இருந்தது தெருத் திருவிழாவுக்குக் கொண்டுபோகும் கதிரை. கோப்பை வைக்க இரண்டு ஓட்டை, கால் நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடம் காணும். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் எனக்கே ஆம்புலன்ஸ் வேண்டும். ஆகவேதான் அந்தக் கடை. முதலில் ஒரு மெத்தை பார்த்தேன், பஞ்சு மாதிரிப் பாரமே இல்லை, ஆனால் அதில் இருந்தால் என்னை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். முக்காலி ஒன்று கைப்பைக்குள் அடங்கியது, முதுகுக்குத்தான் ஒன்றும் இல்லை, ஈர மண்ணில் ஒரு கால் புதைந்தால் ஆளும் சரியும். மூன்றாவது, முதுகு வைத்த குட்டைக் கதிரை. ஒரு கையால் தூக்கலாம், தோளில் மாட்டப் பட்டி உண்டு, பாதங்கள் அகலம். அதில் இருந்து பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்தால் கிரீச் என்றது. அதே வகையில் இன்னொன்றை எடுத்து விரிக்கச் சொன்னேன், அதுவும் முனகியது. இரும்பு மூட்டுக்குப் பதிலாகப் பட்டியால் கட்டிய வேறொன்றைக் கடைக்காரர் உள்ளே போய்க் கொண்டுவந்தார். அது வாயே திறக்கவில்லை. சிவப்பும் கடும் பச்சையும் இருந்தன, பச்சையை வாங்கினேன். லின்டா சொன்னபடி கேட்டதில் எனக்குப் பெரிய பெருமை.

வேட்டைக்கு முதல் நாளே நான் பண்ணைக்குப் போய்ப் படுத்தேன், லின்டாவும் நானும் விடியுமுன் எழும்பினோம். மருமகனின் பழைய காக்கி உடுப்பு, பச்சைக் கதிரை. கையில் கட்டியிருந்த கோயில் நூலைக்கூடச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்து வழக்கம்போலத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். லின்டா கைவிளக்கை என் முகத்தில் அடித்தார். “நோ, நோ. யூ ஹாவ் டு வைப் தட் ஆஃப்” என்று பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளை, அதன் நடுவே சிவப்பு, அதுவும் தலையில். கதிரையில் நிறம் பார்த்தேன், சட்டையில் நிறம் பார்த்தேன். நெற்றியை நான் ஒரு நிறமாக நினைத்ததே இல்லை. ஆனால் அழி என்று ஒரு பெண் சொன்னதும் என் கை தானாக நெற்றியைப் பொத்திக்கொண்டது. கணவன் போன வீட்டில்தான் பெண்ணுக்கு அதை அழிப்பார்கள். “மை ஹஸ்பண்ட் இஸ் அலைவ்” என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. லின்டா கடதாசியோடு அப்படியே நின்றார். விளக்கு நிலத்தைப் பார்த்தது. அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தன் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துண்டை அவிழ்த்து, என் நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டார். துண்டில் அவருடைய சூடு இருந்தது. “குட்,” என்றார், “லெட்ஸ் கோ.”

பெரிய மேப்பிள் ஒன்றின் அடியில் இருவரும் இருந்தோம். அவர் பெட்டி போன்ற ஒரு மரக் கருவியை உரசிப் பெட்டை வான்கோழியைப் போலக் கூப்பிட்டார். வெகு தூரத்திலிருந்து பதில் வந்தது. குளிர் பாதத்தால் ஏறியது, முழங்கால் கெஞ்சியது, நான் அசையவில்லை. கதிரையும் என்னோடு ஒத்துழைத்தது. சூரியன் வந்ததும் வயல் ஓரத்தில் சேவல் வந்தது. என்ன அழகு! வால் விரித்து, தலை சிவந்து, மாப்பிள்ளை போல நடந்தது. லின்டா துவக்கை உயர்த்தினார். வெடிக்கும் என்று பல்லைக் கடித்தேன். வெடிக்கவில்லை. சேவல் சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லப் போய் மறைந்தது.

“கோர்டன் என் முழங்கையைத் தொடுவார்,” என்றார் லின்டா ஆங்கிலத்தில், மிகவும் மெதுவாக. “அவர் தொட்டால்தான் நான் சுடுவேன்.”

பிறகு அழுதார். மண்டபத்தில் அழாத அழுகை எல்லாம் அந்த மரத்தடியில் வந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை, இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். கோர்டனின் செத்தவீட்டுக்கு நான் போனது அன்றுதான்.

பண்ணை வீட்டுக் கொட்டகையில் கோர்டனின் கதிரை ஓர் ஆணியில் தொங்கியது. லின்டா என் கதிரையை வாங்கி அதற்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். நான் காரில் ஏறப் போய், நின்று, திரும்பினேன்.

“போட்டு வாறன், லின்டா.”

அது என்ன என்று கேட்டார். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் என்றேன். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்வதில்லை என்றும் சொன்னேன். இந்த முறை என் ஆங்கிலம் பாதி வழியில் நிற்கவில்லை. லின்டா என்னைக் கட்டிப்பிடித்தார். ஜாக்கெட்டை அல்ல.

“கதிரை எங்கை?” என்று வீட்டில் மனிசன் கேட்டார். அங்கே இருக்கிறது என்றேன். நெற்றியிலிருந்து துண்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன், குங்குமம் அதில் வட்டமாக ஒட்டியிருந்தது. எத்தனையோ தரம் தோய்த்தும் போகவில்லை. சிவப்புப் பட்ட துணி இனி அந்தக் காட்டுக்கு ஆகாது, அதனால் அது என் சாமியறைக் கொளுக்கியில் கிடக்கிறது. என் கதிரை லின்டாவின் ஆணியில் தொங்குகிறது.