ரசீது இல்லாத நன்கொடை

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பாராளுமன்றம் நடந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டிய காலனி எங்களுடையது. என் வீட்டுக்காரர் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருமுனையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாய் அவருக்கு உயிர் சிநேகிதர். காலையில் எலக்ட்ரீஷியன்கள் கூட்டம் வடிந்ததும் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு பாய் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். டிவியில் லோக்சபா ஓடும்.

சோபா ஆளுங்கட்சி. பிளாஸ்டிக் நாற்காலி எதிர்க்கட்சி. திங்கட்கிழமையானால் இடம் மாறும். மனசுக்குள் என்ன நினைத்தாலும் சரி, சோபாவில் உட்கார்ந்தவர் அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்கியே ஆகவேண்டும். சத்தம் கூரையைத் தொட்டால் நான் அடுப்பு மேடையைக் கரண்டியால் தட்டுவேன். சபாநாயகர் நான்தான், சம்பளம் இல்லாத சபாநாயகர். அந்தச் சபைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உள்ளே பேசியதை வெளியே யாரும் எடுத்துப் பேசக்கூடாது. சபையில் பேசியதற்காக டெல்லியில் உறுப்பினர்கள் மேல் வழக்குப் போட முடியாது, அந்தப் பாதுகாப்பு நமக்கும் வேண்டாமா என்று என் வீட்டுக்காரர்தான் அதைக் கொண்டுவந்தார்.

அந்தக் கூட்டத்தொடரில் வீட்டுச் சாமான்களுக்குப் போடும் வரியைப் பற்றி டெல்லியில் பெரிய ரகளை. அதன் பின்னாலேயே கட்சிகளுக்கு வரும் நன்கொடை, எம்.பி.க்கள் சம்பளம் என்று விவாதம் போனது. சம்பளம் என்று வந்ததும் இரண்டு பக்கமும் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள் தெரியுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நான் வரி கட்டுகிறேன், இவர்கள் சம்பளத்துக்கு இவர்களே கை தூக்கிக்கொள்கிறார்கள்.

நன்கொடை விவாதத்தன்று பாய் சோபாவில் இருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "கொடுத்தவன் பேரை வெளிய சொல்லணும் பாய்! ஒளிச்சு வாங்குற பணத்துக்குப் பேரு நன்கொடையா?"

"பேரைச் சொல்லிட்டா கொடுத்தவன் கதி என்ன மச்சான்? இன்னொரு கட்சிக்காரன் அவனைச் சும்மா விடுவானா?" என்றார் பாய். அது வரைக்கும் விளையாட்டுதான். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நானே கொடுத்துகினுதான் இருக்கேன்."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. பாயின் கடைக்கு ஏறும் படி மழைநீர்க் கால்வாய் மேல் இருக்கிறது. ரோட்டை உயர்த்திக் கால்வாய் வேலை ஆரம்பித்தபோது, படியை இடிக்காமல் பார்த்துக்கொள்வதாக இந்தப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாநாடு, கொடியேற்றம், அன்னதானம் என்று ஏதாவது ஒரு பெயரில் அவருடைய ஆட்கள் பணம் கேட்டு வருவார்கள். ரசீது கிடையாது. படி போனால் கடைக்குள் ஒருத்தரும் ஏற முடியாது, வாடகை நின்றால் கட்டிட உரிமையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். பாய்க்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழி இல்லை.

"சபையில சொன்னது மச்சான்" என்று நினைவுபடுத்திவிட்டு பாய் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனி நலச்சங்கக் கூட்டம். வீட்டு வரி உயர்வைப் பற்றிப் பேசத்தான் கூட்டினார்கள். என் வீட்டுக்காரர்தான் செயலாளர். மைக்கைப் பிடித்தால் அவருக்கு நிதானம் தங்காது, அது ஊருக்கே தெரியும். "நம்மகிட்ட வரியைக் கறாரா கேக்குறாங்க. ஆனா நம்ம தெருமுனைக் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட ரசீதே இல்லாம கட்சிக்கு வாங்குறாங்க. இதை யாரு கேக்குறது?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பெயரைச் சொல்லவில்லை, பார்த்தீர்களா? தணிக்கை அலுவலகத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம், பெயர் போடாமல். எங்கள் தெருமுனையில் இருப்பதே ஒரு கடைதான். யாரோ அந்தப் பேச்சை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

மறுநாள் காலை பைக்கில் இரண்டு பேர் பாய் கடை முன்னால் நின்றார்கள். "இன்னா பாய், எங்காளு உன்னாண்ட எப்ப வாங்கினாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் யாரோ வந்து கடைப்படியில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இடிக்கப் போகிற இடங்களில்தான் அந்தக் கோடு போடுவார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். பாய் கல்லாவில் உட்கார்ந்து ஸ்விட்ச் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"புகார் கொடுப்போம் பாய். நான் சாட்சி சொல்றேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாட்சி சொல்லிட்டு நீங்க வூட்டுக்குப் போய் பென்ஷன் வாங்கலாம் மச்சான். நான் இந்தப் படியிலதானே ஏறணும்?"

"உங்க பேரை நான் சொல்லவே இல்லையே பாய்."

பாய் அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கினார். அதற்கான பதிலை நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "பேரைச் சொல்லலைன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. விலாசத்தையே சொல்லிட்டீங்க. அவர் உங்களை நம்பிச் சொன்னதை எடுத்துட்டுப் போய்க் கைதட்டல் வாங்கிட்டு வந்திருக்கீங்க." அவ்வளவு கடுமையாக நான் அவரிடம் பேசியதில்லை. பேசினதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அந்த வாரம் முழுக்க டிவி ஓடவில்லை. பாயும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். இந்த முறை அந்தக் கட்சிக்காரரே வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பாய் கடைசி வரிசையில், கதவோரம். சுவரில் சாய்ந்து நின்ற எனக்கு என் வீட்டுக்காரர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாது. மைக்கை வாங்கினார்.

"போன வாரம் நான் ஒரு கடைக்காரரைப் பத்திச் சொன்னேன். அது பொய். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கலை. நானா இட்டுக்கட்டிச் சொன்னது. என்னை மன்னிக்கணும்."

வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் ஒளித்ததைத் தேடிப் பிடித்த மனுஷன். கொடுத்தவன் பெயரை ஊரறியச் சொல்லவேண்டும் என்று நாற்காலி நுனிக்கு வந்து கத்தின மனுஷன். எனக்கு முன்னால் இருந்த டீச்சர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், வயசாயிடுச்சு" என்றார். யாரோ சிரித்தார்கள். செயலாளர் பதவியை அவரே ராஜினாமா செய்தார், வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

கட்சிக்காரர் எழுந்தார். பெரிய மனசோடு கும்பிட்டார். "சார் நம்ம சார். வாய் தவறிடுச்சு, விடுங்க" என்றார். கூட வந்தவன் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து நீட்டினான். இவர்கள் காரில் எப்போதும் நாலைந்து இருக்கும் போலிருக்கிறது. அதை விரித்து என் வீட்டுக்காரர் தோளில் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, வெளியே வந்துவிட்டேன்.

படியை அப்புறம் யாரும் இடிக்கவில்லை. பாய் கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு, கூட்டம் கலைந்து, வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் என் வீட்டுக்காரர் தன் ஜோடியைத் தேடிக்கொண்டு நின்றார். பொன்னாடை இன்னும் தோளில்தான் இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பாய் பின்னாலிருந்து வந்தார். அதை அவர் தோளிலிருந்து மெதுவாக இறக்கினார், நாலாக மடித்தார், தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்குப் போட்டது மச்சான். நீங்க ஏன் சுமக்குறீங்க?"

என் வீட்டுக்காரர் செருப்பைப் போடாமலே, அத்தனை பேர் பார்க்க, நின்று அழுதார்.